துடியனின் காலிப் பொட்டலம்

ஒரு காட்டில், வெட்டவெளிக்கு அப்பால் இருந்த ஆலமரத்தில் குரங்குக் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. அந்த வெளியில் தொற்றி ஏற ஒரு மரம் கிடையாது. பள்ளி விட்டதும் குட்டிகள் ஒரே ஓட்டமாக ஓடி, இந்தப் பக்கத்து மரங்களில் ஏறிவிட வேண்டும்.

செம்பி என்ற தாய்க் குரங்குக்கு ஒரு பெருமை உண்டு. மற்றக் குட்டிகளின் சாப்பாட்டுப் பொட்டலம் பாதி மிச்சத்தோடு திரும்பும். அவள் மகன் துடியனின் பொட்டலமோ துடைத்து வைத்ததுபோல் திரும்பும். திரும்பாதா பின்னே? தினமும் அவள் கட்டிக் கொடுத்தது தேனில் ஊறிய வாழைப்பழம் மட்டும்தான்.

"பயறும் கீரையும் கட்டிக் கொடுத்துப் புள்ளைய எதுக்கு அழ வைக்கணும்? உங்களை மாதிரி அம்மா யாருக்குக் கிடைக்கும், அக்கா?" என்று புதரோரம் நின்று நரி மெச்சும். செம்பிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒருநாள் செம்பி மரக்கிளையில் மகனுக்காகக் காத்திருந்தாள். பள்ளி விட்டது. குட்டிகள் ஓடி வந்து மரமேறின. துடியனைக் காணோம். பார்த்தால், நடுவெளியில் கால் தள்ளாடி உட்கார்ந்திருந்தான்.

புதர் அசைந்தது. நரி வெளியே வந்தது. அது ஓடக்கூட இல்லை, நடந்தே வந்தது.

இத்தனை நாள் அது எதற்குத் தன்னை மெச்சியது என்று செம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே குதித்து ஓடினாள்.

"எந்திரிடா துடியா, ஓடு."

"முடியலம்மா. கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

நரி பாய்ந்தது. செம்பி மகனை வாரி வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். அவள் மரத்தில் தாவியபோது வால் நுனி நரியின் வாயோடு போயிற்று.

மறுநாள் முதல் பொட்டலத்தில் முளைகட்டிய பயறு, சுட்ட பலாக்கொட்டை, கொழுந்துக் கீரை, ஒரே ஒரு துண்டு வாழைப்பழம். துடியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். செம்பி மசியவில்லை.

சில நாள் கழித்து, துடியன் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து மரமேறினான். செம்பி பொட்டலத்தைப் பிரித்தாள். கொஞ்சம் கீரை மிச்சம் இருந்தது.

"என்ன அக்கா, சாப்பாடு மிச்சம் வந்திருக்கா? புள்ளைக்குப் பிடிக்கலையோ?" என்று கீழே நின்று கேட்டது நரி.

"பொட்டலம் மிச்சத்தோட வந்தா வரட்டும். என் புள்ள முழுசா வந்து சேர்ந்துட்டான்" என்றாள் செம்பி.

நீதி: பிள்ளையின் நாக்கு கேட்பதை மட்டும் கட்டிக் கொடுக்காதே, அதன் உடம்புக்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டு.