பட்டன் இருக்க வேண்டிய இடம்

பீளமேட்டில் ஒரு சந்துக்குள் நஸீமாவின் பட்டறை. டிவி முன்னால் நின்று கையை வீசினால் திரையிலும் ஆட்டம் நடக்குமே, அந்த விளையாட்டுகளுக்குக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்களை அவள் மாற்றிச் செய்து தருவாள். கடையில் விற்பதைப் பிடிக்க முடியாத கைகள்தான் அவளைத் தேடி வரும்.

அவளிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அருளானந்தம் வந்து சேர்ந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவளுக்கு அப்பா வயது. ஆனாலும் முதல் நாளே "டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டார்.

"பேர் சொல்லியே கூப்பிடுங்க சார்" என்றாள் நஸீமா.

"கத்துக்கிற இடத்துல டீச்சர்தாங்க" என்றார் அவர்.

அவர் வந்தது மனைவி ஸ்டெல்லாவுக்காக. ஸ்டெல்லா ஷட்டில் ஆடியவள். கல்யாணமான புதிதிலிருந்தே சாயங்காலமானால் இருவரும் கிளப்புக்குப் போய்விடுவார்கள். வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். சர்வீஸ் போடும் முன் அவள் ஒரு நொடி அசையாமல் நிற்பாள். அந்த ஒரு நொடியைப் பார்க்கத்தான் அவர் கல்லூரி விட்டதும் ஓடி வருவார்.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நடை மெல்லத் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் இந்த டிவி விளையாட்டைச் சொன்னாள். அருளானந்தம் அன்றே வாங்கி வந்தார். கன்ட்ரோலர் ஸ்டெல்லாவின் கையில் நிற்கவில்லை. நின்றாலும் விரல் பட்டனுக்குப் போகவில்லை.

"பட்டனை எங்கே வைக்கணும் டீச்சர்?" இதுதான் அவர் நஸீமாவிடம் கேட்ட முதல் கேள்வி.

நஸீமா ஒரு மரத்துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் டீ குடித்துவிட்டு வந்தார்.

"கட்டைவிரல் இப்ப எங்கே இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். அது மரத்தின் ஓரத்தில் சற்றே சாய்ந்து கிடந்தது.

"நீங்க வைக்கல. அதுவாப் போய் உட்கார்ந்திருக்கு" என்றாள் நஸீமா.

அருளானந்தம் கற்றுக்கொண்டார். சூட்டுக்கோலைப் பிடித்து ஈயம் உருக்கி ஒட்டினார். அரத்தால் பிளாஸ்டிக்கை ராவினார். கையைச் சுட்டுக்கொண்டார். ஒன்று செய்து வீட்டுக்கு எடுத்துப் போவார், மறுநாள் அதைப் பிரித்துப் போட்டு அடுத்ததை ஆரம்பிப்பார். மழைக்காலம் வந்து போனது.

கடைசியில் ஒன்று அமைந்தது. ஸ்டெல்லாவின் பழைய பேட்டின் கைப்பிடியை அளந்து அதே பருமனில் செய்தார். அதே மாதிரி நாடா சுற்றினார். ஆட்காட்டி விரல் மடங்கும் இடத்தில் பட்டன். உள்ளே ஸ்பிரிங்கை இளக்கியிருந்தார். குருவி வந்து உட்கார்ந்தாலே அமுங்கிவிடும்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவின் கையில் அதை வைத்தார். நழுவவில்லை. அவள் விரல் பட்டனை அமுக்கியது. திரையில் ஒரு பெண் இறகுப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். இனி கையை வீசி, பட்டனிலிருந்து விரலை எடுக்க வேண்டும். பந்து பறக்கும்.

ஸ்டெல்லா வீசினாள். விரல் எழவில்லை. மடங்கிய கை மடங்கியபடியே இருந்தது. திரையில் இருந்த பெண் பந்தைப் பிடித்தபடியே நின்றாள்.

மறுபடி வீசினாள். மறுபடியும் அப்படியே.

"நாளைக்குப் பார்க்கலாம்ங்க" என்றாள் ஸ்டெல்லா.

அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார்.

மறுநாள் காலையில் நஸீமாவிடம் வந்து சொன்னார். "அமுக்க முடியுது டீச்சர். விட முடியல. இன்னும் எங்கே மாத்தறது?"

நஸீமா ஈரக் களிமண் உருண்டை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"அவங்க கையில கொடுங்க. அவங்களா விடுற வரைக்கும் பக்கத்துல இருங்க. அப்புறம் மண்ணை அப்படியே எடுத்துட்டு வாங்க."

அவர் அப்படியே செய்தார். ஸ்டெல்லா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மண் அவள் உள்ளங்கைக்குள் போனதும் விரல்கள் அதை இறுக்கிக்கொண்டன. அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"டீச்சர் கொடுத்தாங்க. சும்மா பிடிச்சுக்க."

வெளியே வெயில் சுவர் மேல் ஏறியது.

"மறுபடி பட்டறைக்குப் போகலையா?"

"இல்ல."

"தினமும் காலையில போனா இருட்டித்தான் வருவீங்க."

"உனக்காகத்தானே ஸ்டெல்லா."

"தெரியும்ங்க." அவள் மடியிலிருந்த கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "டிவி முன்னால தனியா நின்னு ஆட எனக்கு ஒண்ணும் ஆசையில்லைங்க. சொன்னா மனசு நொந்துபோவீங்கன்னுதான் சொல்லல."

"அப்ப உனக்கு என்னதான் ஆசை?"

"கிளப்புக்குப் போறப்ப என் பேட்டையும் சேர்த்து நீங்கதான் தூக்கிட்டு வருவீங்க. ரோட்டுல ஏதாவது பேசிக்கிட்டே வருவீங்க." ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். "அதுதாங்க."

அவர் முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். அவள் கை மூடியே இருந்தது. மண் காய ஆரம்பித்து மணிக்கட்டில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அவள் கை மேல் தன் கையைப் பொத்தினார். ஒவ்வொரு விரலாக நீவினார். விரல்கள் மெல்ல மெல்ல இளகின. மண் அவர் உள்ளங்கைக்கு வந்த பிறகும் அவர் அவள் கையை விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் நஸீமா அந்த மண்ணை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்டெல்லாவின் நான்கு விரல்களும் ஆழமாகப் பதிந்திருந்தன. அவற்றுக்கு வெளியே, மேல்பக்கத்தில், பெரிய கட்டைவிரல் ஒன்றின் தடம்.

"இது?"

"என்னுதுங்க." அருளானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். "அவளா விடுற வரைக்கும் இருக்கச் சொன்னீங்க. என்னால இருக்க முடியல. வேற மண்ணு கொடுங்க டீச்சர். இந்தத் தடவை சரியா எடுத்துட்டு வர்றேன்."

நஸீமா மேசையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். அந்தப் பெரிய தடத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் கீறினாள். மண்ணை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பட்டனை இங்கே வைங்க."

அவர் வட்டத்தைப் பார்த்தார். ஸ்டெல்லாவின் விரல் பள்ளங்களைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே தன் விரலை வைத்து இடைவெளியை அளந்தார்.

"அங்கே அவ விரல் எட்டாதே டீச்சர்."

"எட்டாதுங்க சார்" என்றாள் நஸீமா. "உங்களுது எட்டும்."