தட்டினால் இனம் சொல்லும் கிண்ணம்

குளக்கரை மருத மரத்தில் ஒரு கவட்டைக் கிளை இருந்தது. அங்கே பருந்தும் எட்டாது, பாம்பும் ஏறாது. அதற்கு ஆசைப்படாத பறவை அந்தக் காட்டிலேயே இல்லை.

கரிச்சான் குருவிக்கோ தலைபோகிற அவசரம். அவன் மனைவி முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. போன மழையில் கூடு காற்றோடு போன துக்கமே அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சண்டை போட்டுக் கிளை பிடிப்பது அங்கே வழக்கமில்லை. நடுவரான ஆந்தையார், இதற்கு இது என்றால் அதற்கு எது என்று பொருத்தம் கேட்பார். சரியாகப் பொருத்துகிறவருக்குக் கிளை. எது எந்தப் பொருள் என்று தெரியாதவன் கூடு கட்டி யாரைக் காப்பாற்றப் போகிறான் என்பது அவர் கட்சி.

அன்று முதலில், பருத்திக்கு நூல் என்றால் தென்னைக்கு எது என்று கேட்டார். மைனா யோசிக்காமல் இளநீர் என்று சொல்லித் தோற்றுப் பறந்தது. கயிறு என்று சொல்லி மிஞ்சியவர்கள் கரிச்சானும் காக்கையாரும்தான்.

கரையில் ஒரு கிண்ணம் பளபளத்துக் கிடந்தது. ஆந்தையார் அதைக் காட்டினார்.

"ஆணி இரும்பு இனம் என்றால், இது எந்த இனம்?"

"கம்பியிலேயே கூடு கட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றார் காக்கையார். "வெள்ளி!"

கரிச்சான் இறங்கிப் போய்க் கிண்ணத்தை அலகால் தட்டினான்.

"ஊரார் குரலைத் திருடிப் பொழைக்கிறவன், இப்ப கிண்ணத்தோட குரலையும் திருட வந்துட்டான் பாருங்க," என்று காக்கையார் இளித்தார்.

"ஆமாண்ணே, அதுக்குத்தான் வந்தேன்," என்ற கரிச்சான், ஆட்டுக் கழுத்து மணியைப் போல 'கிணிங்' என்றான். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளே தலைதூக்கிப் பார்த்தன. பிறகு இடையர் தண்ணீர் கொண்டுவரும் பிளாஸ்டிக் குடத்தைப் போல 'டொப்' என்றான். மறுபடி கிண்ணத்தைத் தட்டினான். அதுவும் 'டொப்' என்றது.

"வெள்ளின்னா மணி மாதிரி கிணிங்குன்னு சொல்லணும். இது வெள்ளிக்குச் சொந்தமில்லீங்க. குடத்துக்குத்தான் தம்பி. பிளாஸ்டிக்."

ஆந்தையார் நகத்தால் ஒரு கீறு கீறினார். வெள்ளிப் பூச்சு உரிந்து உள்ளே நீலம் தெரிந்தது.

கரிச்சான் சும்மா விடுவானா? காக்கையார் குரலிலேயே "வெள்ளி!" என்றான். கரையே சிரித்தது.

பிறகு நெஞ்சை நிமிர்த்தி மனைவியோடு கவட்டைக் கிளையில் போய் அமர்ந்தான். அன்று மட்டும் எவர் குரலையும் கடன் வாங்காமல், தன் சொந்தக் குரலில் பாடினான்.

பளபளப்பைப் பார்த்து இனம் பிரிப்பவன் ஏமாறுவான். தட்டிக் கேட்பவனிடம் எந்தப் பொருளும் தன் இனத்தைத் தானே சொல்லிவிடும்.