வெள்ளத்தாயின் தோள்

சுடலைமணிக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. தசையின் பலத்தைக் கையாலேயே தள்ளிப் பார்க்கக் கற்றுக்கொண்டது சமீபத்தில்தான். ஆனாலும் தொட்ட மாத்திரத்தில் பலம் எத்தனை என்று எண் சொல்லிவிடுவான். பிசியோதெரபி ஆசிரியை ஜெசிந்தா அதற்காக அவனைப் பாராட்டியதே இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் வெள்ளத்தாய். நூல் மில்லில் வேலை. மில்லுக்குள்ளேயே வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்திருந்தது. இப்போது கூடிவிட்டது, வலியும் இல்லை. தோளில் முழுப் பலம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி சொன்னால் மறுபடி வேலை. இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். கூடவே வந்த மில் சூப்பர்வைசர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பதிலுக்காக வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"கையைப் பக்கவாட்டுல தூக்குங்கம்மா. அப்படியே வச்சிருங்க."

தூக்கினாள். முழங்கைக்குச் சற்று மேலே கை வைத்துச் சுடலை அழுத்தினான். கை இறங்கிவிட்டது. இன்னொரு தடவை அழுத்தினான். இறங்கிவிட்டது.

"மூணு," என்றான்.

ஐந்துதான் முழுப் பலம். மூன்று என்றால் கை தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும், அதற்கு மேல் ஒரு பாரமும் தாங்காது. மில் வேலைக்கு ஆகாது.

சூப்பர்வைசர் எழுந்தார். "அப்ப நாங்க வாறோம்."

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இருங்க," என்றார் ஜெசிந்தா.

சுடலைக்குச் சுருக்கென்றது. "ரெண்டு தடவை தள்ளினேன் மேடம். ரெண்டு தடவையும் விழுந்துச்சு. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?"

"விழுந்ததுல சந்தேகம் இல்ல. நீ தள்ளி விழுந்துச்சா, அதுவா விழுந்துச்சா? இடது கையைப் பாத்தியா?"

"அது நல்ல கை மேடம்."

"தள்ளிப் பாரு."

தள்ளினான். அதுவும் இறங்கியது.

"அந்தத் தோள்ல என்ன முறிவு?"

சுடலை அந்தத் தோளை மறுபடி தொட்டுப் பார்த்தான்.

ஜெசிந்தா வெள்ளத்தாயின் அருகே போனார். "ஏம்மா, அவர் தள்ளினா ஏன் இறக்குறீங்க?"

"டாக்டரு தள்ளுதாக. அவுகளை எதுத்தா நிக்கிறது? மரியாதை இல்லையே."

"இங்க எதுத்து நிக்கிறதுதான் மரியாதை. நான் தள்ளப் போறேன். விடாதீங்க."

வலது கை மேலே வந்தது. ஜெசிந்தா மெல்ல ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டி அழுத்தினார். அவர் நெற்றியில்தான் வியர்த்தது. கை அசையவில்லை. வெள்ளத்தாய் தன் தோளைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டாள். யாரோ தள்ளி அவள் நகராமல் நின்றது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், தம்பி மூணுன்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும். எங்க மில் ஆளுங்க எல்லாரும் இங்கதான் வாறாங்க. நாளைக்கும் வரணுமில்ல?"

ஜெசிந்தா தன் கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"போதும் வெள்ளத்தாய். கையை இறக்கு," என்றார் சூப்பர்வைசர்.

அவள் இறக்கவில்லை.

"ஏய், சொல்லுதேன்ல? இறக்கு."

வெள்ளத்தாய் அவரை நேருக்கு நேர் பார்த்தாள். கை அங்கேயே நின்றது.

சுடலை ஆசிரியையின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான். "மேடம், நீங்கதான் கையை எடுத்துட்டீங்களே. இனிமே எதை வச்சுப் பலம் பாக்கிறது?"

"நான் எடுத்துட்டேன். சூப்பர்வைசர் இன்னும் தள்ளிக்கிட்டுத்தானே இருக்காரு. நீ எண்ணைச் சொல்லு. அவருக்குக் கேக்கிற மாதிரி சொல்லு."