வாய் திறக்காத பெடல்

"டீச்சர், இதுக்குள்ள நான் மாத்தாத சாமான் ஒண்ணுகூட இல்ல. ஆனாலும் வாய் திறக்க மாட்டேங்குது."

சூசைமாணிக்கம் தம் பெடலை மேசையின்மேல் வைத்தார். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே கிடந்து, காலால் மிதித்தவுடன் கம்பியின் ஒலியைக் கரகரப்பாக்கித் தரவேண்டிய சிறிய தகரப்பெட்டி அது. கடையில் வாங்கியதன்று. மின்சுற்றுப் படத்தைப் பார்த்து அவரே தம் கையால் கட்டியது.

ஆசிரியை கோகிலவாணி பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்தவரைப் பார்த்தார்.

இத்தகைய பெட்டிகளைக் கட்டவும் பழுதறியவும் திண்டுக்கல்லில் ஞாயிறுதோறும் கற்பித்துவந்தவர் அவர். சூசைமாணிக்கத்தின் மூத்த மகளைவிட வயதில் இளையவர். அவர்முன் மாணவராக உட்கார்வதில் சூசைமாணிக்கத்துக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

"எப்பயிருந்துண்ணே இப்படி?"

"தை மாசத்துலயிருந்து."

"இது சித்திரை."

"தெனமும் பாக்குறேன் டீச்சர். சோறெல்லாம் ஈயப்புகை அடிக்குதுன்னு வீட்டுக்காரி தட்டை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிர்றா."

"தை மாசம் என்ன நடந்துச்சு?"

அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொன்னார்.

ஒரு கலியாண வரவேற்பு. சூசைமாணிக்கத்தின் மைத்துனர் பவுல்ராசு நடத்தும் மெல்லிசைக்குழுவின் கச்சேரி. பாட்டின் நடுவே கிட்டார் தனித்து ஒலிக்கவேண்டிய இடம் வந்தது. பெடலை மிதித்தார். ஓசை அற்றுப்போயிற்று. மறுபடி மிதித்தார். பந்தியில் இலை எடுக்கும் சத்தம்கூட மேடைவரை கேட்டது.

பவுல்ராசு மைக்கைக் கையில் எடுத்தார். "எங்க மச்சான் பெட்டி இன்னும் சாப்பிடலைங்க. பசி மயக்கம்" என்றார்.

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன செஞ்சீங்க?"

"வேட்டியைக்கூட மாத்தல. எல்லா இணைப்பையும் ஒண்ணுவிடாம ஈயம் வச்சுத் திரும்பப் பத்தவச்சேன்."

"அப்புறம்?"

"மீட்டர் வச்சுப் பாத்தேன். பேட்டரில ஒம்பது வோல்ட் இருக்கு. ஆனா உள்ள சாமானெல்லாம் பத்தவச்சிருக்கிற பலகைக்கு வந்து சேரல. சைபர்."

"அப்புறம்?"

"ஒயரை மாத்துனேன். சைபர். சுவிட்சை மாத்துனேன். சைபர். டிரான்சிஸ்டரை மாத்துனேன்…"

"சைபர்."

"ஆமா டீச்சர்."

ஆசிரியை மீட்டரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டுல பாக்குற மாதிரியே இங்கயும் பாருங்க."

சூசைமாணிக்கம் மூடியைக் கழற்றினார். திருகாணிகளை வரிசை குலையாமல் வைத்தார். மீட்டரின் கறுப்புக் கம்பியைப் பெட்டியின் உடம்பிலும் சிவப்புக் கம்பியைப் பலகையிலும் தொட்டார்.

சைபர்.

"கை சுத்தமா இருக்குண்ணே. ஈயம்கூட முத்து முத்தா விழுந்திருக்கு."

அவருக்குச் சற்றே மனம் குளிர்ந்தது.

"கிட்டார் எங்க?"

"வீட்டுல. பீரோ மேல."

"தெனமும் இதைச் சோதிச்சேன்னு சொன்னீங்களே. அப்பக்கூட எடுக்கலையா?"

"இது வாய் திறக்காம அதைத் தொடமாட்டேன்னு சபதம் டீச்சர். பையில போட்டு ஜிப்பை இழுத்து மேல ஏத்திட்டேன்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"அவர் முன்னாடிதான் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பீரோவுக்குப் பாதுகாப்பா இருக்கும்னாரு."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இடது கையைக் காட்டுங்க."

காட்டினார். விரல்நுனிகளில் கம்பி அழுத்தி அழுத்தி இறுகிப்போயிருந்த காய்ப்பு உரிந்து, தோல் குழந்தையினுடையதுபோல் மெத்தென்றிருந்தது. அவர் தாமே அதை அப்போதுதான் கவனித்தார். கையை மடக்கிக்கொண்டார்.

"சனிக்கிழமை கோயில் திருவிழாக் கச்சேரி" என்றார், யாரும் கேளாமலே. "இன்னிக்குச் சாயந்தரம் ஒத்திகை. மச்சான் என் இடத்துக்கு ஒரு கீபோர்டுக்காரரைப் பாத்து வச்சிருக்காரு. இன்னிக்கு நான் போகலைன்னா இனிமே அவருதான். இருவது வருசம் வாசிச்ச குழு டீச்சர். பத்தவைக்கிற இரும்பைச் சூடு பண்ணட்டுமா?"

"வேண்டாம்."

ஆசிரியை எழுந்து, சுவரில் தொங்கிய கேபிள்களுள் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.

"பெட்டியில கிட்டாருக்குன்னு இருக்குற துளையில சொருகுங்க."

"கிட்டார் இல்லாமயா?"

"உங்க சபதம் பாட்டுக்கு இருக்கட்டும். இது வெறும் கேபிள்தானே?"

சொருகினார். கேபிளின் மறுமுனை எதனோடும் சேராமல் தரையில் கிடந்தது.

"இப்ப மீட்டர்."

தொட்டார்.

ஒன்பது.

மீட்டர் கெட்டுவிட்டதென்று நினைத்து அதைத் தட்டினார். ஒன்பது. கேபிளை உருவினார். சைபர். சொருகினார். ஒன்பது.

உருவினார். சொருகினார். உருவினார்.

"துளை தேஞ்சுரும்ணே" என்றார் ஆசிரியை. "பேட்டரியோட கறுப்பு ஒயரை எங்க பத்தவச்சிருக்கீங்க?"

"இந்தத் துளையோட காதுல, ஒயரைப் பத்தவைக்கிற தகட்டுல."

"ஏன் அங்க?"

"படத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"யாரும் வாசிக்காத நேரத்துல பேட்டரி தீந்துரக்கூடாதுல்ல. அதுக்காக அப்படிப் போடுறது. கேபிள் உள்ள போனாத்தான் கறுப்பு ஒயர் பெட்டியோட சேரும், பலகைக்குக் கரண்ட் வரும்."

சூசைமாணிக்கம் பெட்டிக்குள் பார்த்தார். தாமே வெட்டி, தாமே முறுக்கி, தாமே பற்றவைத்த கறுப்பு ஒயர். அதை அவர் எத்தனையோ முறை மாற்றியிருந்தார்.

"அப்ப நான் இத்தனை நாளும் பாத்த சைபர்…"

"சரியான சைபர்."

வெளியே யாரோ இரண்டு சக்கர வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்று, முடியாமல், திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பப் பழுது எங்க இருக்கு டீச்சர்?"

ஆசிரியை மூலையில் சாய்த்திருந்த தம் கிட்டாரை எடுத்துவந்து, தரையில் கிடந்த கேபிள்முனையை அதில் சொருகினார். பெடலிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு மற்றொரு கேபிளைப் போட்டார். பிறகு கிட்டாரை அவர்முன் நீட்டினார்.

சூசைமாணிக்கத்தின் கைகள் மடியிலேயே இருந்தன.

"இது மொதல்ல வாய் திறக்கட்டும் டீச்சர். அப்புறம் தொடுறேன்."

"அதுவும் அப்படி ஒரு சபதம் போட்டிருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஆசிரியை நீட்டிய கையை மடக்கவில்லை. கிட்டார் கனமானது. 

சூசைமாணிக்கம் பெடலைத் தரையில் இறக்கிவிட்டு, கிட்டாரை வாங்கிக்கொண்டார்.

முதலில் பிடித்த சுரம் பிசகிற்று. கம்பி விரல்நுனியை அறுத்தது. பல்லைக் கடித்து மீண்டும் அழுத்தினார். பெடலை மிதித்தார்.

அறை அதிர்ந்தது. சன்னல் கண்ணாடி கடகடத்தது. வெளியே வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தவர், "யாருப்பா அது, வண்டியை நான் இன்னும் கிளப்பவே இல்லையே!" என்று கத்தினார்.

சூசைமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசித்தார். விரல்கள் தடுமாறின. தடுமாறித் தடுமாறித் தம் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டன.

வெகுநேரம் கழித்தே நிறுத்தினார்.

"எதைச் சரிபண்ணுனீங்க டீச்சர்?"

"நான் எங்கண்ணே தொட்டேன்? மூடியைத் திறந்ததே நீங்கதான்."

"அப்ப இது எப்பச் சரியாச்சு?"

ஆசிரியை மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சூசைமாணிக்கம் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். கடைசித் திருகாணியில் அவர் கை நின்றது. வேட்டியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து இணைப்புகளையெல்லாம் புதிதாகப் பற்றவைத்தது நினைவுக்கு வந்தது. அதன்பிறகு கழற்றி எறிந்த நல்ல சுவிட்சு. நல்ல டிரான்சிஸ்டர். நல்ல ஒயர்கள்.

"அன்னிக்கே சரியாயிருச்சா?" என்றார், தமக்குள்.

ஆசிரியை கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சூசைமாணிக்கம் பெடலைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை சென்றார். அங்கேயே நின்றார். திரும்பிவந்தார்.

"ஒத்திகைக்குப் போறேன் டீச்சர்."

"போயிட்டு வாங்கண்ணே."

"சனிக்கிழமை மேடையில, அத்தனை சனத்துக்கு முன்னாடி, பாதிப் பாட்டுல இது மறுபடியும் வாயை மூடிக்கிட்டா?"

"வாசிக்கிறத மட்டும் நிறுத்திராதீங்க" என்றார் ஆசிரியை. "எந்த இடத்துல விட்டுப்போச்சுன்னு அப்பத்தான் தெரியும்."