சாகாத லேப்டாப்

"சாகாத லேப்டாப் ஒண்ணு சொல்லும்மா" என்றார் ராமானுஜம்.

மெகருன்னிசா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"பேர் எழுத."

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், லேப்டாப் பழுது பார்க்கும் கடை அவளுடையது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு அறுபத்தொன்று. எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர் அவளிடம்தான் வருவார். அவளும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள்.

ராமானுஜம் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேனாக இருந்தவர். பதினொரு வருடத்துக்கு முன் அங்கே வெடித்ததில் ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் காலையில் முதலாளி ஆஜர் நோட்டைக் கேட்டார். ராமானுஜம் எடுத்துக் கொடுத்தார்.

நோட்டு திரும்பி வந்தபோது ஒரு தாள் மாறியிருந்தது. ஏழு பேர் ஐந்து பேராகியிருந்தார்கள். மற்ற இரண்டு பெண்களும் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று ஆலை சொன்னது.

ராமானுஜம் அன்றோடு வேலையை விட்டார்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கே வெடித்தாலும் போனார். செத்தது யார், எந்த ஊர், எந்த அறையில் இருந்தார், என்ன வேலை, கூட இருந்து பார்த்தவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு லேப்டாப்பில் ஏற்றினார். அந்தப் பட்டியலைக் கொண்டு கோர்ட்டில் ஜெயித்த குடும்பங்கள் உண்டு.

ஆடி மாதம் அந்த லேப்டாப் நின்றுபோனது.

மெகருன்னிசா மூன்று வாரம் போராடிப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு பெயர்கூட மீளவில்லை. அவர் வேறெங்கும் பிரதி வைத்திருக்கவும் இல்லை.

"முந்நூத்திப் பன்னெண்டு பேரும்மா" என்றார்.

அவள் அலமாரியிலிருந்து பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

அவர் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்.

"இது எத்தனை வருஷம் ஓடும்?"

"தெரியாது."

"அப்ப வேண்டாம். இன்னொரு தடவை என்னால முடியாது."

அப்படித்தான் ஆரம்பித்தது.

வாரம் ஒரு தடவை வந்தார். கையில் ஒரு நோட்டு. கடை கடையாக ஏறி இறங்கி, பார்த்த லேப்டாப்பை எல்லாம் அதில் குறித்திருந்தார்.

"உலோக உடம்பு நல்லதா, பிளாஸ்டிக்கா?"

"கீல் உறுதியா இருந்தாப் போதும்."

"பேட்டரி?"

"கழட்ட முடியணும். நாளைக்கு வேற ஒண்ணு கிடைக்கணும்."

"மூணு வருஷம் வாரண்டி தர்றான். நாலாவது வருஷம்?"

"நாலாவது வருஷம் நான் இருக்கேன்."

"நீ இல்லேன்னா?"

அவள் திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

ஐப்பசியில் புது மாடல் வரப்போகிறது என்றார்கள். காத்திருந்தார். வந்தது. அதன் விசிறி சத்தம் போடுகிறது என்று யாரோ சொன்னார்கள். விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஒருநாள் அவள் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். தரையிலிருந்து கூரைவரை செத்த லேப்டாப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.

"இதுல இல்லாத கம்பெனி எதுன்னு பாருங்க."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீ கொட்டியது. கட்டிலிலிருந்து விழுந்தது. கரண்ட் எகிறியது. எறும்பு.

ஒன்றுமட்டும் கீறல் இல்லாமல், பெட்டியோடு இருந்தது. பேட்டரி உப்பி, அடிப்பக்கம் பிளந்திருந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"பத்திரமா வச்சிருந்தாங்க."

"எத்தனை வருஷம்?"

"மூணு. ஒருநாள்கூடத் திறக்கலை."

அவர் நோட்டைத் திறந்து, அந்தக் கம்பெனியின் பெயரையும் கோடு போட்டு அடித்தார்.

மெகருன்னிசா விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பங்குனி. உச்சிவெயில். கடையில் அவர் இரண்டு விளம்பரத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மாடியேறி வந்தாள். வலது கையில் தோள்வரை புதுத் தழும்பு.

"போர்மேன் அண்ணாச்சி இங்கதான் இருப்பாருன்னு வீட்டுல சொன்னாங்க."

"நான்தான் தாயி."

"எம் பேரு வீரலட்சுமி. தை மாசம் வெடிச்சதுல்ல, அந்த ஷெட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாத்தான் வேலை பார்த்தோம். அவரு போயிட்டாரு. நான் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

மெகருன்னிசா நாற்காலியைக் காட்டினாள். வீரலட்சுமி உட்காரவில்லை.

"இப்ப முதலாளி, அவரு அங்க வேலையே பார்க்கலைங்கிறாரு. எனக்குச் சோறு கொண்டாந்தாராம். வந்த இடத்துல மாட்டிக்கிட்டாராம். கூட இருந்தவங்க ரெண்டு பேரும் ஊரைவிட்டே போயிட்டாங்க. எங்கேன்னு தெரியலை."

ராமானுஜம் விளம்பரத் தாள்களை மடித்தார்.

"உங்க லிஸ்ட்டைக் காட்டினா கோர்ட்டுல ஒத்துக்குவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. எங்க வெடிச்சாலும் மறுநாளே போயி எழுதிருவீங்களாமே. அவரு பேரு முனியராஜ்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி?"

"எழுதலை தாயி."

"எங்க ஊருக்கு மட்டும் வரலையா?"

"எங்கயும் போகலை. எட்டு மாசமா."

"மேலுக்குச் சரியில்லாம இருந்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"லேப்டாப் வாங்கணும்னு…" என்று தொடங்கினார்.

வீரலட்சுமி மெகருன்னிசாவைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும்தான் புரிந்தது.

"அப்ப உங்க நோட்டுலயும் அவரு இல்லையா?"

ராமானுஜம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வி முன்பே ஒரு தடவை அவர் காதில் விழுந்திருந்தது. பதினொரு வருடத்துக்கு முன், அந்த இரண்டு பெண்களின் வீட்டு வாசலில்.

மெகருன்னிசா தன் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றாள்.

ராமானுஜம் அதில் உட்கார்ந்தார். மேசையில் ஏதோ ஒரு லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தன் பக்கம் திருப்பினார். என்ன கம்பெனி என்று பார்க்கவில்லை.

"அவரு வயசு என்ன தாயி?"

"இருபத்தொம்பது."