கனகாம்பரம் மணத்தைத் தின்ற கதை

அந்தக் காலத்தில் பூக்களுக்கும் பேச்சு இருந்தது. மல்லிகையைவிடக் கனகாம்பரத்துக்குத்தான் மணம் அதிகம். ஒரு பூவைக் கிள்ளினால் தெருவே மணக்கும். ஆனால் காலையில் பறித்தது பொழுது சாய்வதற்குள் வாடிவிடும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கொம்பையா என்பவர் தன் மகள் மாடத்தியோடு வாழ்ந்தார். ஊரில் அம்மை கண்டபோது அவருக்குக் கண்ணும் காதும் போய்விட்டன. அதே அம்மையில் அவர் மனைவி சடைச்சி இறந்துபோனாள். அது அவருக்குத் தெரியாது. யார் சொல்லி, எப்படிக் கேட்பார்?

சடைச்சியின் தலையில் கனகாம்பரம் இல்லாத நாளே கிடையாது. அதனால் மாடத்தி தினமும் கொல்லைச் செடியில் ஒரு கொத்துப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்துதான் அவருக்குக் கஞ்சி ஊட்டுவாள்.

மணம் பட்டதும், "வந்துட்டியா சடைச்சி?" என்பார். பிறகுதான் கஞ்சிக்கு வாயைத் திறப்பார்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணறு வறண்டது. ஊரிலிருந்த கனகாம்பரச் செடிகளெல்லாம் கருகின. கொல்லையில் மிஞ்சியது ஒரே ஒரு கொத்து. மாடத்தி அதைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டையில் பொதிந்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் மணலில் வைத்தாள். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அதன்மேல் தெளித்தாள். அப்படியும் உச்சிவேளையில் இதழ் சுருளத் தொடங்கியது.

"வாடிராத," என்று அழுதாள். "நீ இல்லன்னா எங்கய்யா சாப்பிட மாட்டாரு. மழை பெய்யுற வரைக்கும் இரு."

"செடிய விட்டு வந்த எனக்கு ஒரு நாள்தான் ஆயுசு, தாயி," என்றது பூ. "அதுக்கு மேல இருக்கணும்னா என் மணத்தத் தின்னுதான் இருக்கணும். தின்னது திரும்பி வராது. எனக்கு மட்டுமில்ல, என் இனத்துக்கே வராது."

மாடத்தி வெளியே பார்த்தாள். மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தது.

"ரெண்டு நாள்ல மழை வந்துரும். அதுவரைக்கும் கொஞ்சம் மணம் மிஞ்சாதா? தின்னு. உயிரோட மட்டும் இரு."

பூ தின்னத் தொடங்கியது. சுருண்ட இதழ் விரிந்தது.

மறுநாள் கொம்பையா மூக்கை உயர்த்தி, "ஏன் சடைச்சி தூரத்துலயே நிக்க? கிட்ட வா," என்றார். மாடத்தி அவர் முகத்தருகே குனிந்து ஊட்டினாள். அதற்கு அடுத்த நாள், "எங்க போற?" என்று கையை நீட்டித் துழாவினார். மேகம் மலையைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் நாள் பூவில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

கொம்பையா மகளின் கையைத் தடவிப் பார்த்தார்.

"மாடத்தி, நீயா? ஒங்கம்மா எங்க?"

அவள் பூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இதழ் குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது. அவர் அதை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"போயிட்டா. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மாடத்தி கஞ்சியை அவர் உதட்டில் வைத்தாள். அது வழிந்து பாயில் விழுந்தது. "அய்யா, அய்யா" என்று ஊரே கேட்கக் கத்தினாள். நான்காம் நாள் மாலை அவர் மூச்சு நின்றது.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, மாடத்தி வீட்டுக்குள் வந்தாள். பூ தரையில் அப்படியே கிடந்தது, இப்போதுதான் பறித்ததுபோல.

"இன்னும் எதுக்கு உயிரோட இருக்க?" என்று கேட்டாள்.

"நீதான தாயி இருக்கச் சொன்ன," என்றது பூ. அதற்குப் பிறகு எந்தப் பூவும் பேசவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. கருகிய வேர்கள் துளிர்த்து, கொல்லை முழுக்கக் கனகாம்பரம் பூத்தது. மாடத்தி ஒவ்வொரு பூவாக மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே செடி செடியாக நடந்தாள்.

கனகாம்பரம் பறித்து நாலு நாள் ஆனாலும் வாடாமல் இருப்பதும், எத்தனை முழம் சூடினாலும் மணக்காமல் இருப்பதும் அன்று முதல்தான்.