சக்கரம் வைத்த படகு

முன்னொரு காலத்தில் சீன தேசம் ஏழு நாடுகளாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது. சின் நாடுதான் ஜெயிக்கும் என்று எல்லாரும் பந்தயம் கட்ட, ஆறும் ஏரியும் நிறைந்த தெற்குச் சூ நாடு மொத்தத்தையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்துவிட்டது. சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறதே என்பீர்கள். சொல்லட்டும், இது என் கதை.

தேசம் ஒன்றானால் பழக்கமும் ஒன்றாக வேண்டாமா என்று சூ மன்னருக்கு ஓர் ஆசை வந்தது. படகிலேயே வளர்ந்த மனுஷர், பாவம். "இனி எல்லாச் சரக்கும் படகில்தான் போகவேண்டும். பௌர்ணமிக்குள் வண்டிகளைக் கொளுத்துங்கள்!" என்று ஆணையிட்டார்.

வடக்கிலிருந்து விவசாயிகள் ஓடிவந்து அழுதார்கள். "மகாராஜா, எங்க ஊர்ல குடிக்கிற தண்ணிக்கே திண்டாட்டம். தினை அறுத்துக் கிடக்கு. வண்டிய எரிச்சுட்டா பிள்ளைகுட்டியெல்லாம் பட்டினிதானுங்க!"

அரசவை விகடன் ஷென் லோவுக்கு மனசு பொறுக்கவில்லை. "மன்னா, இந்த ஆணை தவறு" என்று சபையிலேயே சொல்லிவிட்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் ஜிங் மாவ் விடுவாரா?

"ஆணையைப் பழித்தவனே அதை நிறைவேற்றிக் காட்டட்டும், மன்னா. பத்து நாளில் வடக்கத்துத் தினை படகில் வரவேண்டும். தவறினால் தலையை எடுத்துவிடலாம்."

"ஆகட்டும். படகு என்றால் எது என்று அமைச்சரே எழுதித் தரட்டும்" என்றான் ஷென் லோ.

ஜிங் மாவ் தம் ஊர்ப் படகை நினைத்துக்கொண்டு எழுதினார்: முனை கூராக இருக்க வேண்டும், முனையில் இரு கண் வரைந்திருக்க வேண்டும், துடுப்பு வேண்டும். அரச முத்திரையும் விழுந்தது.

பத்தாம் நாள் கோட்டை வாசலில் ஒரே கூட்டம்; மன்னரும் வந்திருந்தார். தினை மூட்டைகளோடு நூறு மாட்டுவண்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் கூரான மரமுனை, அதில் இரண்டு கண், பக்கத்தில் ஒரு துடுப்பு.

"ஐயோ, இது வண்டி! சக்கரம் இருக்கிறதே!" என்று குதித்தார் ஜிங் மாவ்.

"சக்கரம் கூடாதென்று தாங்கள் எழுதவில்லையே, அமைச்சரே."

"மாடு இழுக்கிறதே!"

"வெள்ளத்தை எதிர்த்துப் போகும் படகை நம் ஊரில் கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுப்பதில்லையா? இங்கே மாடு இழுக்கிறது."

"அடேய், தண்ணீர் எங்கேடா?"

"அதைத்தானே, மன்னா, இந்த விவசாயிகளும் கேட்டார்கள்?" என்றான் ஷென் லோ.

மன்னருக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தலையைப் பணயம் வைத்து எனக்குப் புத்தி சொன்னாயே, ஷென் லோ! உன்னைப்போல் ஒருவன் கிடைக்க நான் கொடுத்துவைத்தவன்" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். ஆணை அங்கேயே கிழிந்தது. விவசாயிகள் அழுதுகொண்டே கைதட்டினார்கள்.

மன்னர் முதல் வண்டியில் தாவி ஏறினார். "வாருங்கள், ஊரைச் சுற்றுவோம். அட, படகென்றால் துடுப்புப் போட ஆள் வேண்டுமே! அமைச்சரே, ஏறும்!"

அன்று ராஜவீதி முழுக்க, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்க, ஜிங் மாவ் காற்றிலே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்.